வாய்தாவுக்குக் காரணம் ஆள் பற்றாக்குறை அல்ல

நீதிமன்றத் தாமதம் பற்றி யார் பேச்செடுத்தாலும் அடுத்த வரி ஏற்கெனவே தயாராக இருக்கிறது: நீதிபதிகள் போதாது. அமைச்சர்கள் சொல்கிறார்கள், வழக்கறிஞர் சங்கங்கள் சொல்கின்றன, ஓய்வுபெற்ற நீதிபதிகள் மேடைதோறும் சொல்கிறார்கள். நாளிதழ்த் தலையங்கங்களும் அதையே எழுதுகின்றன. நாற்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்டதால் இது கேள்வி கேட்கத் தேவையில்லாத உண்மையாகவே ஆகிவிட்டது.

அந்த வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் வைத்துவிடுகிறேன். நாட்டில் நிலுவை வழக்குகள் 5 கோடியைத் தாண்டிவிட்டன. அவற்றில் பெரும்பகுதி மாவட்ட, வட்ட அளவிலான நீதிமன்றங்களில் இருக்கிறது. பத்து லட்சம் மக்களுக்கு 10.5 நீதிபதிகள்தான் இருக்கிறார்கள், 50 பேர் வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 120ஆவது அறிக்கையில் 1987இலேயே சொன்னது. ஐந்தாண்டுகளில் அந்த 50ஐ எட்ட வேண்டும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எட்டவில்லை. அனுமதிக்கப்பட்ட இடங்களே இன்று பத்து லட்சத்துக்கு 21 என்ற அளவில்தான் நிற்கின்றன. மாவட்ட நீதித்துறையின் சுமார் 25,000 பணியிடங்களில் ஏறத்தாழ 5,000 காலி. கீழமை நீதிமன்றங்களில் 2,279 பேரைக் கூடுதலாக நியமித்தால் புதிதாக வரும் வழக்குகளுக்கு ஈடாக வழக்குகளை முடித்துவிடலாம், 8,152 பேர் இருந்தால் ஐந்தாண்டில் நிலுவையே தீர்ந்துவிடும் என்று 2018-19ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கை கணக்குப் போட்டது.

இதில் எந்த எண்ணோடும் எனக்குச் சண்டை இல்லை. காலியிடங்களை வருடக் கணக்கில் நிரப்பாமல் வைத்திருப்பது மக்களுக்கு இழைக்கும் அநீதி. அவை நாளைக்கே நிரப்பப்பட வேண்டும். என் மறுப்பு, இந்த எண்களிலிருந்து எடுக்கப்படும் முடிவுக்கு. ஆள் குறைவு, ஆகவே தாமதம். ஆளைக் கூட்டும்வரை வேறொன்றும் செய்வதற்கில்லை. இந்த முடிவு தவறு. தவறோடு நிற்காமல், இருக்கிற நீதிபதியின் ஒவ்வொரு வேலை நாளும் எப்படி வீணாகிறது என்று பார்க்கவிடாமல் தடுக்கிறது. வழக்கின் தேதி நீதிமன்றத்தின் கையில் இல்லை. அதை மீட்டு நீதிமன்றத்தின் கையில் கொடுப்பதற்குப் பெயர்தான் வழக்கு மேலாண்மை. என் ஆட்சேபணைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. எண்ணிக்கை கூடியபோது தாமதம் ஏன் குறையவில்லை?

பத்து லட்சத்துக்கு 10.5 என்றிருந்தது இன்று அனுமதிக்கப்பட்ட அளவில் 21. காலியிடங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 1987ஐவிட அதிகம். வழக்குகளும் பெருகின என்று பதில் வரும். பெருகின, உண்மை. ஆனால் ஒரு நீதிபதி ஆண்டுக்கு எத்தனை வழக்கை, எந்த முறையில், எத்தனை வாய்தாவில் முடிக்கிறார் என்று பார்க்காமல் தலையை மட்டும் எண்ணினால் எத்தனை பேர் போதும் என்பதை எப்போதுமே சொல்ல முடியாது. இதை நான் சொல்வதற்கு முன்பே சட்ட ஆணையம் சொல்லிவிட்டது. மக்கள்தொகையை வைத்து நீதிபதிகளைக் கணக்கிடுவது சரியான அளவுகோல் அல்ல, வழக்குகள் முடியும் வேகத்தை வைத்தே கணக்கிட வேண்டும் என்பது 2014இல் வந்த அதன் 245ஆவது அறிக்கையின் நிலைப்பாடு. ஐம்பது என்ற எண்ணை நாட்டுக்குக் கொடுத்த ஆணையமே அந்த அளவுகோலைக் கைவிட்டது. மேடைகள் இன்னும் கைவிடவில்லை.

2. நீதிபதியின் நாள் எங்கே போகிறது?

ஏதாவதொரு மாவட்ட முன்சீஃப் நீதிமன்றத்துக்குக் காலை பத்தரைக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். கால் வொர்க், அதாவது அன்றைய வழக்குகளை ஒவ்வொன்றாகக் கூப்பிடும் வேலை, தொடங்கும். பெஞ்ச் கிளார்க் வழக்கு எண்ணைச் சொல்வார். வாசலில் நிற்கும் உதவியாளர் கட்சிக்காரரின் பெயரை வராந்தா கேட்கக் கூப்பிடுவார். ஜூனியர் ஒருவர் எழுந்து, “சீனியர் சப் கோர்ட்டில் ட்ரயலில் இருக்கிறார், ஒரு டேட் வேண்டும்” என்பார். எதிர்த்தரப்புக்கு ஆட்சேபணை இராது. அடுத்த முறை அவருக்கும் இதே சலுகை தேவைப்படும். நீதிபதி ஒரு தேதி சொல்வார், கட்டின் மேல் அது எழுதப்படும், அடுத்த கட்டு வரும். அதில் சம்மன் சார்வாகித் திரும்பவில்லை. அதற்கடுத்ததில் பிரதிவாதியின் எதிருரை தாக்கலாகவில்லை. இன்னொன்றில் அட்வகேட் கமிஷனரின் அறிக்கை வரவில்லை. இன்னொன்றில் சாட்சி வந்திருக்கிறார், குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய வழக்கறிஞர் வரவில்லை.

அன்றைய பட்டியலில் 80 வழக்கு என்று வைத்துக்கொள்வோம். வழக்குக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 160 நிமிடம். ஏறக்குறைய உணவு இடைவேளை வந்துவிடுகிறது. சாட்சி விசாரணை, வாதம், உத்தரவு ஆகிய நீதிபதி மட்டுமே செய்யக்கூடிய வேலைகளுக்கு மிச்சமிருப்பது பிற்பகல் ஒன்றுதான். அந்தக் காலைப்பொழுதில் நடந்தவற்றில் பாதிக்குமேல் நீதிபதியே செய்ய வேண்டிய வேலை அல்ல. சம்மன் திரும்பியதா, எதிருரை வந்ததா என்று பார்ப்பது அலுவலகப் பணி. பயிற்சி பெற்ற அலுவலர் ஒருவர் அதைத் தனியே முடித்து, அன்று உண்மையாகவே நடக்கக்கூடிய பத்து வழக்குகளை மட்டும் நீதிபதியின் முன் வைக்கலாம்.

இப்போது இதே முறையில் இன்னொரு நீதிபதியை நியமியுங்கள். இன்னொரு கால் வொர்க் நடக்கும். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மேட்டூரில் கூடுதலாகத் திறக்கச் சொல்வதற்கு முன் வாய்க்கால் தூர் வாரியிருக்கிறதா என்று பார்ப்பது டெல்டா விவசாயிக்குத் தெரிந்த நியாயம். நீதித்துறைக்கு மட்டும் நாம் அதைக் கேட்பதில்லை.

3. ஆவணங்கள் என்ன காரணம் சொல்கின்றன?

தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பை மேற்கோள் காட்டி, 63 லட்சத்துக்கும் அதிகமான வழக்குகள் வழக்கறிஞர் வராததால் தாமதமாகின்றன, 14 லட்சத்துக்கும் அதிகமானவை ஏதோ ஓர் ஆவணத்துக்காகவோ பதிவுருவுக்காகவோ காத்திருக்கின்றன என்று அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் 2022 டிசம்பரில் ஆந்திராவில் பேசினார். அடுத்த ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றத்திலேயே இன்னொரு எண்ணை வெளியிட்டார்: செப்டம்பர், அக்டோபர் இரண்டே மாதங்களை ஒட்டிய காலத்தில் வாய்தா கேட்டு வந்த சீட்டுகள் 3,688. காலியிடம் மிகக் குறைவாக உள்ள, நாட்டின் மிக மூத்த வழக்கறிஞர்கள் வாதாடும் நீதிமன்றத்தின் நிலை இது. ஆள் பற்றாக்குறை என்ற விளக்கம் அங்கே செல்லுபடியாகாது.

இதை வைத்து வழக்கறிஞர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் எளிது. அதையும் நான் ஏற்கவில்லை. ஒரே நாளில் ஐந்து நீதிமன்றங்களில் ஐந்து வழக்குகளை நீதிமன்றமே பட்டியலிட்டால், வழக்கறிஞர் நான்கு இடங்களில் இல்லாமல்தான் போவார். தன் வழக்கு இன்று கூப்பிடப்படுமா, மாலை நான்கு மணிக்கா, அடுத்த மாதமா என்று தெரியாத நிலையில் தயாராக வருகிறவர்தான் முட்டாளாகிறார். தேதிக்கு மதிப்பில்லாத இடத்தில் தயாரிப்புக்கும் மதிப்பில்லை.

4. “சட்டத்தைக் கடுமையாக்கு” என்பதும் இதே பிழைதான்

ஆளைக் கூட்டச் சொல்பவர்களுக்கு அடுத்து நிற்பவர்கள் கெடு விதிக்கச் சொல்பவர்கள். கெடு நம் சட்டத்தில் நிறையவே இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 17, ஒரு தரப்புக்கு விசாரணையின்போது மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்கிறது. வழக்கறிஞர் வேறு நீதிமன்றத்தில் இருக்கிறார் என்பது காரணமே அல்ல என்று அங்கேயே எழுதியிருக்கிறது. கட்டளை 8 எதிருரைக்கு 30 நாள், அதிகபட்சம் 90 நாள் தருகிறது. சாட்சி விசாரணை தொடங்கிவிட்டால் நாள்தோறும் நடத்தி முடிக்க வேண்டும் என்று 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தின் 346ஆவது பிரிவு அதை மீண்டும் சொல்கிறது. இத்தனையும் இருந்தும் என்ன நடக்கிறது? பஞ்சாபில் ஒரு லஞ்ச வழக்கு. அரசுத் தரப்பு சாட்சிக்கு முதல் விசாரணை முடிந்து ஓராண்டு எட்டு மாதம் கழித்துத்தான் குறுக்கு விசாரணை நடந்தது. அதற்குள் அவர் தலைகீழாகச் சாட்சி சொன்னார். உச்ச நீதிமன்றம் 2015இல் அந்த வழக்கை முடிக்கும்போது வேதனையோடு இதைப் பதிவு செய்தது.

மூன்று வாய்தாக் கட்டுப்பாடு உள்ளிட்ட சட்டத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது நம் சேலம் வழக்கறிஞர்கள் சங்கம். அந்த வழக்கின் 2005 தீர்ப்பு, எதிருரைக் கெடுவைக் கட்டாயம் என்று கொள்ளாமல் நெகிழ்த்தியது; தவிர்க்கவே முடியாத சூழலில் மூன்றுக்கு மேலும் வாய்தா தரலாம் என்றது. கெடுவை நம்பியவர்கள் இதைத் தோல்வி என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட சாட்சிக்கு நாலாவது தேதி தர மறுப்பது நீதியாகாது. அந்தத் தீர்ப்பின் முக்கியமான பாதி வேறு: நீதிபதி ஜகந்நாத ராவ் தலைமையிலான குழு தயாரித்த வழக்கு மேலாண்மை மாதிரி விதிகள் அதன் வழியாகத்தான் உயர் நீதிமன்றங்களின் பார்வைக்கு வந்தன. வழக்குகளை அவற்றின் தன்மைக்கேற்ப வெவ்வேறு தடங்களில் பிரிப்பது, ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு கால அளவு, தொடக்கத்திலேயே அட்டவணை. சேலத்தின் பெயரைத் தாங்கிய தீர்ப்பில் இந்தப் பாதியை மட்டும் சட்டக் கல்லூரிக்கு வெளியே யாரும் பேசுவதில்லை.

கெடு என்பது எதிராளி தவறினால் விழும் தண்டனை. அட்டவணை என்பது இருதரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட நாள்கள். முன்னதை மீறவே எல்லோரும் வழி தேடுவார்கள். தாமதம் செய்தவருக்குச் செலவுத்தொகை விதிப்பதும் இப்போதுள்ள நிலையில் பெரிய தடை அல்ல. பொய்யான, தொல்லை தரும் வழக்காடலுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவின்கீழ் சாதாரண உரிமையியல் வழக்கில் விதிக்கக்கூடிய ஈட்டுச் செலவின் உச்சவரம்பு இன்றும் 3,000 ரூபாய். சென்னையில் ஒரு வீட்டின் ஒரு வார வாடகைகூட அதைத் தாண்டும்.

5. “அவசரப்படுத்தினால் நீதி செத்துவிடும்”

இந்த எதிர்வாதத்தைத்தான் நான் மிகுந்த கவனத்தோடு எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதைச் சொல்பவர்களில் நேர்மையான வழக்கறிஞர்கள் உண்டு. ஏழைக் கட்சிக்காரர் ஆவணத்தைத் திரட்ட நேரம் வேண்டும், வாய்தாவை மூடினால் பலவீனமானவர்தான் அடிபடுவார் என்கிறார்கள். ஒரு பாகப்பிரிவினை வழக்கை எடுத்துப் பார்ப்போம்.

இரண்டு அண்ணன்கள், ஒரு தங்கை. தந்தை இறந்துவிட்டார். தங்கை பங்கு கேட்கிறாள். மூத்த அண்ணன் ஒரு உயிலைக் காட்டுகிறார். உறவுமுறையில் சண்டை இல்லை, தந்தை இறந்த தேதியில் சண்டை இல்லை, நிலத்தின் சர்வே எண்ணில் சண்டை இல்லை. சண்டை உயில் உண்மையா என்பதில் மட்டும்தான். எதிருரை வந்தவுடன் நீதிபதி இரு தரப்பையும் வழக்கறிஞர்களோடு உட்காரவைத்துக் கேட்டால், அரை மணியில் இது தெரிந்துவிடும். ஒப்புக்கொண்டவை பதிவாகும், எழுவினா, அதாவது நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்வி, ஒன்றிரண்டாகச் சுருங்கும், யார் யார் சாட்சி என்பது தெரியும், அவர்களை விசாரிக்கும் நாள்கள் அன்றே குறிக்கப்படும். இதற்கான அதிகாரம் கட்டளை 10, 12, 14இல் எப்போதிருந்தோ இருக்கிறது. நடைமுறையில் இந்த வழக்கில் எழுவினா அச்சடித்தாற்போல் பதிவாகி, சாட்சிக் கூண்டில்தான் எது சண்டை என்பதே வெளிவருகிறது, அதுவும் ஐந்தாறு ஆண்டு கழித்து.

உயிலை நிரூபிக்க, அதில் சாட்சிக் கையெழுத்திட்டவர்களில் ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும் என்பது சட்டம். உயில் எழுதும்போதே அவருக்கு அறுபத்தைந்து வயது என்றால்? ஒவ்வொரு வாய்தாவும் அவருடைய ஞாபகத்திலிருந்தும் ஆயுளிலிருந்தும் கழிகிறது. அவர் போய்விட்டால் உண்மையான உயிலைக்கூடக் கையெழுத்தை அடையாளம் காட்டும் சுற்றுவழியில்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். இடைப்பட்ட காலத்தில் நிலத்தின் விளைச்சல் அண்ணனிடம். தங்கையின் பயணம், வழக்கறிஞர் கட்டணம், கூலி இழப்பு அவளுடைய தலையில். வாய்தா பலவீனமானவரைக் காக்கிறது என்பவர்கள், இந்த வழக்கில் யார் கையில் சொத்து இருக்கிறது, யார் பேருந்தில் வருகிறார் என்று மட்டும் பார்க்கட்டும்.

குற்ற வழக்குகளில் இந்தக் கணக்கு இன்னும் கொடியது. நம் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். விரைவான விசாரணை வாழ்வுரிமையின் பகுதி என்று 1979இல் ஹுசைனாரா கத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிதானம் என்ற பெயரில் நாம் காப்பது அவர்களுடைய உரிமையை அல்ல.

வழக்கு மேலாண்மை யாரையும் அவசரப்படுத்தச் சொல்லவில்லை. சிக்கலான வழக்குக்கு மூன்று வருடம் தேவை என்றால் மூன்று வருடத்துக்கும் அட்டவணை போடுங்கள். காத்திருப்பு வேறு, விசாரணை வேறு. நாம் குறைக்கச் சொல்வது காத்திருப்பை.

6. ஆளைக் கூட்டாமல் முடியாது என்கிறீர்களே, முடிந்தது

தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கு. 1980இல் போட்ட கிரய ஒப்பந்தம். தீர்ப்பாணை வாதிக்குச் சாதகமாகி உச்ச நீதிமன்றம் வரை உறுதியான பிறகும், அதை நடைமுறைப்படுத்தக் கோரும் நிறைவேற்று மனுவிலேயே மேலும் பல ஆண்டுகள் போயின. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கோடு நிற்காமல், நாடு முழுவதும் நிலுவையில் உள்ள நிறைவேற்று மனுக்களைக் கணக்கெடுத்து ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றங்களுக்கு உத்தரவிட்டது. அந்த ஆறு மாதத்தில் 3.38 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் முடிக்கப்பட்டன. அப்போதும் 8.82 லட்சத்துக்கு மேல் மிச்சம் இருந்தது என்பதையும், நீதிமன்றமே அதைக் கண்டு அதிர்ச்சி தெரிவித்ததையும் மறைக்கவில்லை. ஆனால் அந்த 3.38 லட்சத்தை முடித்தவர்கள் யார்? முந்தைய மாதம் இருந்த அதே நீதிபதிகளும், தீர்ப்பாணையை நிறைவேற்றும் அதே அமீனாக்களும்தான். மாறியது ஒன்றே: எத்தனை மனு, எவ்வளவு பழையது, ஏன் நிற்கிறது என்று ஒருவர் மேலிருந்து கேட்டார்.

இதற்கும் ஒரு பதில் உண்டு: நிறைவேற்று மனுவை முடிக்க ஓடியதில் மற்ற வழக்குகள் தேங்கியிருக்கும். தேங்கியிருக்கலாம். ஆகவேதான் இதை ஆறு மாத இயக்கமாக நடத்தக் கூடாது, அன்றாட முறையாக்க வேண்டும் என்கிறேன். நீதிபதிகளின் பணியை அளக்கும் யூனிட் முறையும் மாற வேண்டும். முடித்த எண்ணிக்கைக்கு மதிப்பெண் தந்தால் எளிய வழக்குகள் மேலே வரும், பழைய கட்டுகள் அலமாரியின் அடியில் போகும். குறித்த தேதியில் சாட்சி விசாரணை நடந்ததா, பத்தாண்டுக்கு மேற்பட்ட வழக்கு எத்தனை குறைந்தது என்று அளந்தால் நீதிபதியின் கவனம் தானாக அங்கே திரும்பும். நடுவில் மாறுதலாகி வரும் புதிய நீதிபதிக்கும், கட்டில் ஓர் அட்டவணை இருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலை வராது.

வெளிநாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. உல்ஃப் பிரபு 1996இல் தந்த அறிக்கையின் பேரில் இங்கிலாந்து 1999 ஏப்ரலில் தன் உரிமையியல் விதிகளை மாற்றி, வழக்கின் வேகத்தை வழக்காடிகளிடமிருந்து எடுத்து நீதிபதியிடம் கொடுத்தது. சிங்கப்பூரில் 1990இல் தலைமை நீதிபதியான யோங் பங் ஹவ் விசாரணைக்கு முந்தைய சந்திப்புகளைக் கட்டாயமாக்கி உயர் நீதிமன்ற நிலுவையைக் கரைத்தார். நீதிபதிகளையும் கூட்டினார். இரண்டையும் சேர்த்துச் செய்தார் என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

7. வணிகருக்கு ஒரு நடைமுறை, வாரிசுக்கு ஒரு நடைமுறையா?

வழக்கு மேலாண்மை இந்தியாவுக்கு ஒத்துவராது என்பவர்கள் இந்தியச் சட்டத்தையே படிக்கவில்லை. 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டம், வணிக வழக்குகளுக்காக உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 15-ஏ என்று ஒன்றைச் சேர்த்தது. ஆவணங்களை ஒப்புக்கொண்டதும் மறுத்ததுமான உறுதிமொழி தாக்கலான நான்கு வாரத்துக்குள் வழக்கு மேலாண்மைக்கான முதல் அமர்வு நடக்க வேண்டும். எழுவினா, சாட்சிப் பட்டியல், விசாரணை நாள்கள், வாத நாள்கள் எல்லாம் அங்கே குறிக்கப்படும். அதிலிருந்து ஆறு மாதத்தில் வாதம் முடிய வேண்டும். 2018 திருத்தத்துக்குப் பின் 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிகப் பிணக்கு அனைத்துக்கும் இது பொருந்தும். செலவுத்தொகையின் 3,000 ரூபாய் வரம்பும் அங்கே இல்லை. எல்லா வணிக நீதிமன்றமும் இந்தக் கால அளவைக் காக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்பதற்கு ஓர் அட்டவணையாவது அவர்கள் கையில் இருக்கிறது. சரக்குக்குப் பணம் வராத நிறுவனத்துக்குச் சட்டப்படி கிடைக்கும் அட்டவணை, அப்பன் சொத்தில் பங்கு கேட்கும் தங்கைக்கும், வாசலை மறித்துச் சுவர் எழுப்பப்பட்ட குடும்பத்துக்கும் ஏன் இல்லை? இந்த வேறுபாட்டுக்கு நியாயமான காரணம் எதையும் என்னால் காண முடியவில்லை.

இதைச் சரிசெய்ய நாடாளுமன்றம் கூடக் காத்திருக்க வேண்டியதில்லை, 8,152 பேரின் சம்பளத்துக்கு நிதி ஒதுக்கீடும் வேண்டியதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 122ஆவது பிரிவு, முதல் அட்டவணையில் உள்ள விதிகளைத் தன் எல்லைக்குத் திருத்திக்கொள்ள உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதற்கு மாநில அரசின் முன்னொப்புதல் வேண்டும். வணிக வழக்குக்கு உள்ளதைப் போன்ற அமர்வை எல்லா உரிமையியல் வழக்குக்கும் சென்னை உயர் நீதிமன்றம் விரிவாக்க வேண்டும். ஒரு மாவட்டத்தில் தொடங்கட்டும். கால் வொர்க்கை நீதிபதியின் மேசையிலிருந்து எடுத்துப் பயிற்சி பெற்ற அலுவலரிடம் கொடுக்கட்டும். ஒவ்வொரு நீதிமன்றத்திலும் குறித்த தேதியில் நடந்த விசாரணைகளின் எண்ணிக்கையை மாதந்தோறும் வெளியிடட்டும்.

வழக்கு நடத்திக்கொண்டிருக்கும் வாசகருக்கு ஒன்று. வாய்தா தரும்போது அதற்கான காரணத்தை நீதிமன்றம் எழுத்தில் பதிய வேண்டும் என்று கட்டளை 17 சொல்கிறது. உங்கள் வழக்கின் பதினாறு இலக்க சி.என்.ஆர் எண்ணை ஈ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் ஒவ்வொரு வாய்தாவும் தேதியோடு தெரியும். அடுத்த முறை தேதி தள்ளிப்போகும்போது, என்ன காரணம் பதிவாகியிருக்கிறது என்று உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். காரணம் இல்லையென்றால், பதியச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கச் சொல்லுங்கள்.